கேளாது வந்த பொருள்

ஐதராபாத்தில் பாதுகாப்பு ஆய்வுக்கூடங்கள் அமைந்த காஞ்சன்பாக்கில் வாழும் நம் இளைஞர் ஒருவர், தமிழ்ப் படமொன்றை டொரண்ட் வழியே இறக்கிக்கொள்கிறார் எனக் கொள்வோம். "யான் பெற்றேன்; எவர்க்கும் கொடுத்திலேன்" என்பது அவர் எண்ணம். உண்மை அதுவன்று. அம்முறையில் கோப்பு சிறு துண்டுகளாக வருகிறது. வந்த துண்டு உடனே அறியாத பிறர்க்குச் செல்லத் தொடங்குகிறது. அவருடைய ஐ.பி. எண்ணும் அவர்கட்குப் புலப்படும். ஆகவே கொடாததை எடுத்ததோடு அமையாமல், தமக்கு உரிமையில்லாததை வழங்கியவரும் ஆகிறார். அறிந்து செய்யும் மீறலுக்கு 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 63 ஆம் பிரிவில், மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. "எல்லோருந்தானே செய்கின்றனர்" என்பாரோடு வாதிட இங்கு இடமில்லை.

என்னை வருத்துவது வேறொன்று. படத்தின் பெயர் தாங்கி வந்த கோப்பினுள், குழந்தைகளைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கும் காட்சி இருப்பின் என் செய்வது? அவர் அதனை வேண்டினாரல்லர், அறிந்தாருமல்லர். கருத்தையே வினையெனக் கொள்ளும் நமக்கு, திறக்கும் வரை அவர்மீது பழியில்லை. திறந்த பின்னர்?

இத்தகைய காட்சிகளைத் தனியே பார்ப்பதும் வைத்திருப்பதும் குற்றமாகா என்று 2024 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்துச் செய்தது. அவ்வாண்டு செப்டம்பர் 23 இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. பகிரும் கருத்துடன், அழிக்காமலும் அறிவிக்காமலும் வைத்திருத்தல் போக்சோ சட்டப்படி குற்றமாகும். இளைஞர் வாளாவிருப்பினும் அவருடைய கணினி வாளாவிராது. இரவெல்லாம் அதனைப் பிறர்க்கு அனுப்பிக்கொண்டிருக்கும்!

அவர் செய்யத்தக்கது, உடனே பகிர்வை நிறுத்திக் காவல்துறைக்கு அறிவித்தலாம். அறிவித்தால் திரைப்படக் களவும் வெளிப்படுமே என அவர் அஞ்சக்கூடும். அவ்வாறு அஞ்சியிருக்கும் நேரமெல்லாம், எங்கோ ஒரு குழந்தையின் துன்பம் மேலும் ஒருவர் கைக்குச் சென்றுகொண்டிருக்கிறது.