சிரிக்காத முகம்

இலங்கையின் கலஹா மலைகளில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் முகம் உலகத்துக்குப் பழகிப்போன முகம். பக்கத்திலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதன்பின் தபால் அட்டையிலும் தேயிலைப் பெட்டியிலும் கூடை சுமந்த தமிழ்ப் பெண் ஏறிவிட்டாள். அவளுக்குப் பெரும்பாலும் பெயர் இருக்காது, சிரிப்பு இருக்கும்.

இந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் தன் அப்பாயியை எண்ணெய் வண்ணத்தில் வரைய உட்கார்ந்தால், முதலில் கையை விட்டுப் போக வேண்டியது அந்தச் சிரிப்புதான். அது போன பிறகு எதை வரைவது? உள்ளதை உள்ளபடியேயா, தனக்குப் பட்டதையா? நெருங்கியவரின் முகத்தைத் தன் மனம்போல மாற்ற ஒருவருக்கு எவ்வளவு உரிமை உண்டு?

வெளிப்பாட்டுவாத ஓவியர்கள் இந்தக் கேள்வியோடு மோதியவர்கள். 1910இல் ஒஸ்கார் கோகோஷ்கா, 23 வயதில், சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் ஒகுஸ்ட் ஃபோரெலை வரைந்தார். ஆளை ஆடாமல் அசையாமல் இருத்தி வைப்பது அவர் வழக்கமில்லை. பேசட்டும், வேலை செய்யட்டும் என்று விட்டுவிட்டுப் பார்ப்பார். வண்ணத்தை மெல்லியதாகப் பூசி, ஈரம் காயுமுன் கீறிக் கீறி அந்த முகத்தை எடுத்தார். கைகள் முறுக்கிக்கொண்டு நின்றன. ஃபோரெல் குடும்பத்தாருக்குப் படம் பிடிக்கவில்லை, வாங்க மறுத்துவிட்டார்கள். 1912இல் பக்கவாதம் ஃபோரெலின் வலப்பக்கத்தைத் தாக்கியபோது, ஓவியர் முன்பே கண்டுவிட்டார் என்று பேச்சு எழுந்தது.

தீர்க்கதரிசனக் கதைகள் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 61 வயது மனிதரின் கைகளை அத்தனை கவனத்தோடு ஓர் இளைஞர் பார்த்தார் என்பதே பெரிய செய்தி. கோணல் எல்லாம் அந்தப் பார்வையிலிருந்து வந்தது. பார்க்காமலே கோணலாக வரைவதும் உண்டு. அது தபால் அட்டைச் சிரிப்பைப் போலவே பொய். அதே சமயம், மறுத்தவர்கள் அந்த மனிதரோடு வாழ்ந்தவர்கள். அவர்கள் சொல்லையும் தள்ளிவிட முடியாது.

கலஹாவிலிருந்து கண்டி தூரமில்லை. ஓவியர் ஜோர்ஜ் கீற் 1901இல் பிறந்த ஊர் அது. அவரும் ஜஸ்டின் தெரணியகலவும் சேர்ந்து நின்ற ஓவியர் அமைப்பான '43 குழு', 1943இல் கொழும்பில் உருவானது. கீற்றின் பலம் கோட்டில். தெரணியகலவின் பலம் வண்ணத்தின் கொந்தளிப்பில். முகம் வரையப் பழகுகிறவர் தெரணியகலவிடம் போவதே நல்லது.

தொழிலுக்கு வருவோம். கடையில் 'தோல் நிறம்' என்று விற்கும் குழாய் வெயிலில் வெந்த மலையகத் தோலுக்கு உதவாது. சுட்ட சியன்னா, மஞ்சள் காவி, அல்ட்ராமரைன் நீலம், கொஞ்சம் வெள்ளை போதும். முதல் பூச்சுக்கு அம்பர் பழுப்பை டர்பன்டைனில் இளக்கி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு இருட்டுகளை மட்டும் வைக்க வேண்டும். அம்பரில் மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் காயும். மேலே வரும் பூச்சுகளில் எண்ணெய் கூடிக்கொண்டே போக வேண்டும். மாறிச் செய்தால் பின்னால் வெடிக்கும். கன்னத்து நிழலில் தேயிலைப் பச்சையை வைத்துப் பார்க்கலாம். பழுப்புக்குள் அந்தப் பச்சை முகத்தையே எழுப்பிவிடும்.

ஆளி எண்ணெய் தண்ணீர் போல ஆவியாவதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனை உறிஞ்சி மெல்ல இறுகுகிறது. மழைக்கால மலையில் இன்னும் தாமதமாகும். பலருக்கு இது தொல்லை. ஆனால் முன்னே கேட்ட உரிமைக் கேள்விக்கு எண்ணெய் வண்ணம் தரும் பதில் இந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது. படம் ஈரமாக இருக்கும் நாட்களில் அதை ஒளித்து வைக்காமல் லயத்து அறையில், அப்பாயி வந்து போகும் இடத்தில் நிறுத்தலாம். "நான் இப்பிடியா இருக்கேன்?" என்று அவர் கேட்டால், மறுபடி அவர் எதிரே உட்கார்ந்து பார்க்க வேண்டும். கண்ணில் வைத்த களைப்பு வரைந்தவரின் இரக்கத்திலிருந்து வந்திருந்தால் கத்தியால் சுரண்டி எடுத்துவிடலாம். அது அவர் கண்ணிலேயே இருந்தால், சுரண்டாமல், அவரிடமே சொல்ல வேண்டும்.