பழைய தேன்பெட்டியும் அயலவர் உரிமையும்

பழையதைப் பழுதுபார்த்துப் பயன்கொள்ளுதல் சிக்கனம். அதனை அறமென்றே கொள்வாரும் உளர். பஞ்சிகாவத்தையில் வாங்கிய பழைய வாகன உறுப்புக் கெடின், நட்டம் பெரும்பாலும் வாங்கியவனுக்கே (தடுப்புக்கருவி நீங்கலாக!).

தேன்பெட்டியின் கதை வேறு. ஈக்கள் அடைக்காது விடும் இடைவெளியை 1851இல் லாங்ஸ்ட்ரொத் என்னும் போதகர் உணர்ந்தமையாற் சட்டங்கள் கழற்றத்தக்கனவாயின. கழற்றத்தக்கவை கைமாறவுந் தக்கனவாயின. அவற்றோடு நோயுங் கைமாறும். அமெரிக்கப் புழுவழுகல் நோயின் நுண்வித்துகள் 35 ஆண்டுகளுக்கு மேலும் உயிர்ப்புடன் கிடக்கும். கொதிநீருக்கும் அவை எளிதில் மாளா. மெழுகைச் சுரண்டி, பெட்டியின் உட்புறத்தைத் தீச்சுவாலையாற் கருக்குவர், சட்டங்களை எரித்துவிடுவர். கருக்காது வர்ணம் பூசினாற் பெட்டி அழகுறும், ஐயமும் மறைந்துவிடும்.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வைத்த பெட்டியின் ஈ மதிலை அறியாது. நலிந்த கூட்டின் தேனை அயற்கூட்டு ஈக்கள் கொள்ளையிடும். தேனோடு நோயுஞ் செல்லும். உள்நாட்டு ஈ இந்நோயை மேனாட்டு ஈயினும் நன்கு தாங்குவதாகக் கருதப்படுகின்றது. ஆயினும் அது ஈயின் வலிமையேயன்றி விற்பவனின் நேர்மையன்று.

“நோயிருந்ததென அறியேன்” என்று அவன் கூறின், அது பொய்யாகாது. ஆனால், அறிய முயலாத அவ்வறியாமைக்கு விலைகொடுப்பவர், பேரத்தில் வாய்திறக்க இடம்பெறாத அயலவர். வரலாறு தெரியாத சட்டத்தை எரிப்பவன் இழப்பன சில மரத்துண்டுகளே. அவ்விழப்பில் விற்றவனும் பங்கேற்க வேண்டுமெனக் கோருதல் மிகையன்று.