மறுக்க இடம் விட்டு

டயாலிசிஸ் வார்டில் ‘சாப்பிட்டீங்களா’வுக்கு அடுத்த விசாரிப்பு, ‘டோனர் கிடைச்சாச்சா?’ என்பதுதான். பக்கத்துக் கட்டில்காரருக்கு மனைவி தருகிறார். எதிரே படுத்திருக்கும் பையனுக்கு அவன் அம்மா. வாரம் மூன்று முறை, நாலு நாலு மணி நேரம் படுத்திருப்பவர்களுக்கு இதை விட்டால் பேச வேறென்ன இருக்கிறது? நான் ‘பாத்துட்டிருக்கோம்’ என்று சொல்லி வைக்கிறேன். வெளியே போய்த் தேடுகிற காரியமா இது? வீட்டில் இருப்பவர்களின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். அதுதான் முடியவில்லை.

*

யாரிடம் கேட்கலாம் என்பதை 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் வரையறுத்திருக்கிறது. கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர். 2011 திருத்தத்தில் தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்தார்கள். மற்றவர்கள் தர வேண்டுமானால் அனுமதிக் குழுவின் முன் நிற்க வேண்டும். காரணம் இல்லாமல் இல்லை. சென்னை வில்லிவாக்கத்தை ஒரு காலத்தில் ‘கிட்னிவாக்கம்’ என்றே சொன்னார்கள். கடன்பட்ட ஏழைகள் அங்கே சிறுநீரகத்தை விற்றார்கள். காசுக்கு வாங்குவதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. பாசத்தைக் காட்டி வாங்குவதை யார் தடுப்பது?

*

எனக்கு ஓ பாசிட்டிவ். கணவருக்குச் சர்க்கரை, எடுத்த எடுப்பிலேயே விலக்கிவிட்டார்கள். மகன் பி பிரிவு. இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் வழியுண்டு. ஆனால் ஓ பிரிவுக்காரர் எந்தப் பிரிவுக்கும் தரலாம் என்பதால், தம் வீட்டு நோயாளிக்கே தந்துவிடுகிறார்கள். மாற்றிக்கொள்ள வருவது குறைவு. மிச்சம் மகள். அவளும் ஓ.

இடது மணிக்கட்டுக்கு மேலே, டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்துப் போட்ட ஃபிஸ்டுலா. விரலை வைத்தால் உள்ளே ரத்தம் கிர்ரென்று ஓடுவது தெரியும். மகள் ஊரிலிருந்து வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் அதைத்தான் தொட்டுப் பார்க்கிறாள். ‘நல்லா ஓடுதும்மா’ என்கிறாள். அதற்கு மேல் இருவரும் பேசுவதில்லை.

*

1954 டிசம்பரில் பாஸ்டனில் ரொனால்டு ஹெரிக் தன் இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குச் சிறுநீரகம் கொடுத்தார். வெற்றி கண்ட முதல் சிறுநீரக மாற்று அறுவை அது. பெற்றவர் எட்டு ஆண்டு வாழ்ந்தார். கொடுத்தவர் 2010 வரை, 79 வயது வரை. நம் வேலூர் சி.எம்.சி.யில் 1971-லேயே தொடங்கிவிட்டார்கள். கொடுத்தவரிடம் மிஞ்சும் ஒற்றைச் சிறுநீரகம் கொஞ்சம் பெருத்து, கூடுதல் வேலையை எடுத்துக்கொள்ளும் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். நம்புகிறேன். ஆனாலும் யாரோ ஒருவருடைய ஆயுளை வைத்து என் மகளுக்கு எப்படிக் கணக்குப் போடுவது? அவளுக்கு இன்னும் ஒரு பிள்ளை வேண்டுமென்ற ஆசை உண்டு.

*

நம் நாட்டில் உயிரோடிருந்து உறுப்பு தருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெறுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பெறுகிற பெண்ணாக நான் இருப்பதால் இந்தக் கணக்கு நேராகிவிடாது. தருவது அப்போதும் ஒரு பெண்தானே. தருபவர் பெண்ணென்றால் அவர் மனமொப்பித்தான் தருகிறாரா என்பதை, பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதி செய்ய வேண்டுமென்று 2014 விதிகள் சொல்கின்றன. எழுதியவருக்கு நம் வீடுகள் தெரிந்திருக்கின்றன. இங்கே ‘சரி’ என்று ஒரு பெண் சொல்லும்போது மாமியார், கணவன், அண்ணன் எல்லோரும் கூடவே நிற்கிறார்கள். என் விஷயத்தில் எல்லோருக்கும் முன்னால் நிற்பது நான்.

கேட்காமல் இருப்பதும் ஒருவிதமாகக் கேட்பதுதான். அளந்து வைத்த அரை டம்ளர் தண்ணீரை அவள் எதிரில் மெதுவாகக் குடித்தால் போதும். வாய் திறக்கவே வேண்டாம். ஆகையால் வாய் திறந்து பேசுவதே மேல் என்று முடிவு செய்தேன். இறந்தவரிடமிருந்து பெறும் பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டு, அதன் பிறகு அவளைக் கூப்பிட்டேன்.

*

அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: “பட்டியல்ல பேர் இருக்கு, டயாலிசிஸ் இருக்கு, நான் சமாளிச்சுக்குவேன். நீ டெஸ்டுக்கு வர்றதும் வராததும் உன் இஷ்டம். வந்தா டாக்டர் உன்னைத் தனியா வச்சுப் பேசுவார். மனசு ஒப்பலைன்னா அவர்கிட்ட சொல்லிடு. எங்ககிட்ட ‘பொருந்தலை’ன்னு மட்டும் சொல்லச் சொல்லி நானே கேட்டு வச்சிருக்கேன். ஏன்னு நான் கேக்க மாட்டேன், இன்னைக்கும் சரி, என்னைக்கும் சரி.”

“யோசிக்கிறேம்மா” என்றாள். சட்டென்று ‘தரேன்’ என்று சொல்லாததில் எனக்கு நிம்மதி. யோசிக்க அவளுக்கு இடம் இருக்கிறது.