அடாப்டருக்குள் இயங்கும் நிரலும் உடைமையின் எல்லையும்

வீட்டில் வைஃபை இணைப்பை அமைப்பவர் கணினியில் பொருத்தும் அடாப்டர் இயங்க இருவகை நிரல்கள் வேண்டும்: இயங்குதளத்தில் இருந்துகொண்டு அடாப்டருக்குக் கட்டளையிடும் டிரைவர் ஒன்று, சிப்புக்குள்ளேயே ஓடி, ரேடியோ அலைகளை அனுப்புவதையும் பெறுவதையும் நடத்தும் ஃபர்ம்வேர் மற்றொன்று. லினக்ஸில் டிரைவர்கள் பெரும்பாலும் யாவரும் படிக்கத் திறந்திருக்க, இன்டெல் போன்ற நிறுவனங்களின் ஃபர்ம்வேரோ மூடியே கிடக்கிறது. விலை கொடுத்து வாங்கிய பொருள் என்ன செய்கிறது என்று அறியவும் அதை மாற்றவும் இயலாதவரை அப்பொருளின் உடைமையாளர் என்று எப்படிக் கொள்வது?

1983-இல் கட்டற்ற மென்பொருளுக்கான குனூ திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன், ஒரு நிரலைப் பயனர் ஆளாவிட்டால் நிரலே பயனரை ஆளும் என்று வாதிட்டவர். அவர் வழியில், சிப்பிலேயே நிலையாகப் பதிந்து எவராலும் மாற்ற முடியாத நிரல் மின்சுற்றின் பகுதியாகவே கருதப்பட்டு ஏற்கப்படுகிறது. வன்வட்டிலிருந்து ஏற்றப்படும் மூடிய நிரலோ விலக்கப்படுகிறது. மாற்ற முடியாததைத் தயாரிப்பாளரும் மாற்ற முடியாது என்பதால், அங்கே ஒருவர்மீது மற்றவருக்கு மேலதிகாரம் இல்லை என்பது இதன் நியாயம். சுதந்திரத்தை அதிகாரச் சமன் என்று மட்டும் கொண்டால் இது பிழையற்ற வாதமே. ஆனால் அறிதலும் சுதந்திரத்தின் உறுப்பு எனில், பதிந்த நிரலும் ஏற்றப்படும் நிரலும் ஒரே அளவுக்கு மறைவானவை. சொல்லப்போனால், பதிந்தது தான் இருப்பதையே காட்டிக்கொள்வதில்லை.

இந்தச் சிக்கலை லினக்ஸ் வெளியீடான டெபியனின் உறுப்பினர்கள் 2022-இல் வாக்கெடுப்புக்கு விட்டனர். நிறுவலுக்கு இணையம் வேண்டும், இணையத்துக்கு ஃபர்ம்வேர் வேண்டும், அதுவோ நிறுவியில் இல்லை என்ற நிலையில், கொள்கையின் தூய்மைக்கான விலையைப் புதிய பயனரே செலுத்திவந்தார். தங்கள் கொள்கை ஆவணமான சமூக ஒப்பந்தத்தையே திருத்தி, மூடிய ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்க அவர்கள் தீர்மானித்தனர். 2023-இல் வெளிவந்த டெபியன் 12 அவற்றைத் தனிப் பிரிவில் வைத்து, எவை ஏற்றப்பட்டன என்று பயனருக்குத் தெரிவித்து, வேண்டாதவர் தவிர்க்கவும் வழிவிட்டது. கண்ணுக்குத் தெரியாததைப் பெயர் சொல்லிக் காட்டும் இவ்வழி, பதிந்தது, ஏற்றப்படுவது என்ற பழைய எல்லைக்கோட்டைவிட நேர்மையானது.

எனினும் இந்த ஏற்பு, மூடிவைப்பவரின் பொறுப்பைக் குறைத்துவிடாது. குவால்காம் ஏத்தெரோஸ் 2013-இல் தன் யூ.எஸ்.பி. அடாப்டர் சிப்புகள் சிலவற்றின் ஃபர்ம்வேர் மூலநிரலை வெளியிட்டது. ஆகவே மூடிவைத்தல் இத்தொழில்நுட்பத்தின் தவிர்க்க முடியாத இயல்பு என்ற வாதம் ஏற்கத்தக்கதன்று.