தளபதி விடைபெறும்போது



ஒரு படைத்தளபதி பதவியை விட்டுப் போகிறார். மேடை போட்டு, மாலை போட்டு, நாலு பேர் எழுந்து அவரைப் புகழ்ந்து பேசுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் இருக்கிற விசுவாசி கைதட்டலாமா? "மகிமையெல்லாம் கர்த்தருக்கே பிரதர், மனுஷனுக்கு என்னத்துக்கு மாலை?" என்று நம்மில் அநேகர் சட்டென்று சொல்லிவிடுவோம். ஏரோதின் முடிவையும் ஞாபகப்படுத்துவோம் (அப். 12). ஜனங்கள் அவனை தேவன் என்று ஆர்ப்பரித்தார்கள், அவன் அதை ஏற்றுக்கொண்டான், புழுப்புழுத்துச் செத்தான். அது நமக்கு எச்சரிப்புதான். சந்தேகமே இல்லை.

ஆனால் ரோமர் 13:7-ஐ எடுத்துப் பாருங்கள். வரி, தீர்வை, பயம், கனம் எல்லாவற்றையும் பவுல் ஒரே பட்டியலில் வைக்கிறார். எல்லாமே செலுத்தித் தீர்க்கவேண்டிய கடன். வரி கட்டாதவனை ஆவிக்குரியவன் என்று யாராவது சொல்வோமா? கனத்தைக் கட்டாமல் வைத்துக்கொண்டவனை மட்டும் ஆவிக்குரியவன் என்கிறோம்! பல சமயம் அது பக்தி அல்ல, கஞ்சத்தனம். எரிச்சலும் கொஞ்சம் கலந்திருக்கும்.

"அவர் இரட்சிக்கப்படாதவராச்சே" என்று ஒரு கேள்வி வரும். 2 இராஜாக்கள் 5-ம் அதிகாரத்தின் முதல் வசனத்துக்கு வாருங்கள். நாகமான் சீரியாவின் படைத்தலைவன். யோர்தானில் முழுகுவதற்கு முன்னே, இஸ்ரவேலின் தேவனை அறிகிறதற்கு முன்னே, ஆவியானவர் அவனைப் பெரிய மனுஷன், கனமுள்ளவன், பராக்கிரமசாலி என்று எழுதிவைத்தார். கர்த்தர் அவன் மூலமாய் அந்த தேசத்துக்கு ஜெயம் கொடுத்தார் என்றும் எழுதினார். அதே வசனத்திலேயே அவன் குஷ்டரோகி என்பதையும் எழுதினார். இதுதான் வேதம் காட்டுகிற கனம். உள்ளதை உள்ளபடி சொல்லுவது. குஷ்டத்தை மறைத்துப் புகழ்ந்தால் முகஸ்துதி. பராக்கிரமத்தை மறைத்துக் குஷ்டத்தை மட்டும் பேசினால் அது புறங்கூறுதல்.

நம் நாட்டுத் தளபதி ஒருவரை எடுத்துக்கொள்வோம். பீல்ட் மார்ஷல் சாம் மானெக்‌ஷா. பார்சி குடும்பத்தில் 1914-ல் அமிர்தசரசில் பிறந்தவர். அவரைப் பரிசுத்தவான் என்று நான் எழுத வரவில்லை. கேலியும் குத்தலுமான பேச்சுக்குப் பேர்போனவர். 1942-ல் பர்மாவில் ஜப்பானியரோடு நடந்த சண்டையில் வயிற்றில் குண்டுகள் பாய்ந்து சாகக்கிடந்தார். அவருடைய சீக்கியச் சிப்பாய் ஒருவர் தூக்கிக்கொண்டு வந்து பிழைக்கவைத்தார். (தளபதியின் பேர் எல்லாருக்கும் தெரியும். தூக்கி வந்தவர் பேர் எத்தனை பேருக்குத் தெரியும்?)

1971 ஏப்ரலில் கிழக்குப் பாகிஸ்தானுக்குள் உடனே படையை நடத்தும்படி பிரதமர் இந்திரா காந்தி கேட்டபோது, இப்போது போனால் தோல்வி என்று மந்திரிகள் முன்னிலையிலேயே சொன்னாராம். மழைக்காலம் வந்தால் அங்கே ஆறுகள் கடலாகிவிடும், படை இன்னும் தயாராகவில்லை, வேண்டுமானால் ராஜினாமா தருகிறேன் என்றாராம். அவரே பின்னாளில் சொன்ன விவரம் இது. ராஜாவின் முகத்துக்கு நேரே கசப்பான உண்மையைச் சொல்லுகிறவன் அபூர்வம். ஆகாபின் அரமனையில் 400 தீர்க்கதரிசிகள் இருந்தார்கள், ஒரு மிகாயாதான் இருந்தான்!

அந்த டிசம்பரில் யுத்தம் வந்தது. 13 நாளில் முடிந்தது. 16-ந்தேதி டாக்காவில் எதிரிகள் சரணடைந்தார்கள். சுமார் 93,000 பேர் கைதியானார்கள். மானெக்‌ஷா அங்கே போகவில்லை. சரண் பத்திரத்தைப் பெற்றுக்கொண்டது கிழக்குப் பிராந்தியத் தளபதி ஜகஜித் சிங் அரோரா. பிரதமர் போகச் சொல்லியும், அது அரோராவுக்குச் சேரவேண்டிய கனம் என்று மானெக்‌ஷா மறுத்துவிட்டதாகச் சொல்லுகிறார்கள்.

இப்போது 2 சாமுவேல் 12-ஐ வாசியுங்கள். ரப்பா பட்டணத்தை முற்றுகை போட்டவன் யோவாப். தாவீதோ கடைசியில் வந்து கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டான். ஊரியா செத்ததும் அதே மதில் ஓரத்தில்தான். கர்த்தருடைய இருதயத்துக்கு ஏற்ற தாவீதே சறுக்கின இடத்தில், நம்முடைய சத்தியம் தெரியாத ஒரு பார்சி தளபதி நிதானமாய் நின்றிருக்கிறார். எனக்கு இது வெட்கமாகத்தான் இருக்கிறது.

யுத்தம் செய்கிறவனுக்குக் கனம் எப்படி என்று சிலர் கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். போர்ச்சேவகர் யோவான்ஸ்நானனிடம் வந்தபோது, வேலையை விட்டுவிடு என்று அவன் சொல்லவில்லை. இடுக்கண் செய்யாதே, பொய்க்குற்றம் சாட்டாதே, சம்பளம் போதும் என்றிரு என்றான் (லூக்கா 3:14). அதற்கு மேல் நான் இங்கே போகவில்லை. கையிலே ஆயுதம் இருந்தும் அடக்கத் தெரிந்தவனை வேதம் தள்ளிவிடவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

மானெக்‌ஷா 1973 ஜனவரியில் நாட்டின் முதல் பீல்ட் மார்ஷல் ஆனார். அதே மாதம் தளபதி பொறுப்பிலிருந்து விடைபெற்று நம்முடைய நீலகிரியில் குன்னூருக்கு வந்து குடியிருந்தார். பீல்ட் மார்ஷலுக்கு ஓய்வு என்பதே கிடையாது, சாகிறவரைக்கும் முழுச்சம்பளம் உண்டு என்பது விதி. ஆனால் பாக்கி கைக்கு வந்தது 2007-ல். ஒரு கோடி ரூபாய்க்கு மேலே! அப்போது அவருக்கு வயது 90-ஐத் தாண்டிவிட்டது. 2008 ஜூன் 27-ந்தேதி வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரியில் காலமானார். ஊட்டியில் பார்சி கல்லறையில் அடக்கம் நடந்தது. ஜனாதிபதி, பிரதமர், பாதுகாப்பு மந்திரி யாரும் வரவில்லை.

அகாஸ்வேரு ராஜாவுக்கு ஒரு ராத்திரி நித்திரை வரவில்லை (எஸ்தர் 6). நாளாகமப் புஸ்தகத்தை வாசிக்கச் சொன்னான். தன் உயிரைக் காப்பாற்றின மொர்தெகாயின் பேர் அங்கே எழுதியிருந்தது. இதற்காக அவனுக்கு என்ன கனம் செய்யப்பட்டது என்று கேட்டான். ஒன்றும் செய்யப்படவில்லை என்றார்கள். எழுதுவதற்கு மை இருந்தது, கொடுப்பதற்கு மனசு இல்லை! அந்த ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தவர் கர்த்தர் என்று நான் விசுவாசிக்கிறேன். மொர்தெகாய் வெளியே வாசலில் உட்கார்ந்திருந்தான். கடனைக் கேட்டு அவன் வரவே இல்லை.

உங்கள் சபையிலும் பட்டாளத்திலிருந்து வந்த தகப்பனார் ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார். முதுகு நிமிர்ந்திருக்கும், காது கொஞ்சம் மந்தமாயிருக்கும். சாட்சி சொல்ல எழும்பமாட்டார். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்து அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறதற்கு முன்னே, ஒரு நிமிஷம் நிறுத்திக் கேளுங்கள்: ஐயா, எந்த ரெஜிமெண்ட், எங்கெல்லாம் இருந்தீங்க, கூட இருந்தவங்க யாரு?