தவமும் தாபமும்



பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் பெரம்பலூர்ச் சீமையில், வானம் பார்த்து வாழ்வோர் இல்லங்களில் கவலையும் ஓர் உறுப்பினராகவே தங்கிவிட்டது. அரியலூர் மாவட்டத்து ஜயங்கொண்டத்தைச் சூழ்ந்த ஊர்களில் அது வேறு வடிவில் வந்தது. பழுப்பு நிலக்கரி மின்திட்டத்துக்கென 1990களில் அங்கே உழவர்தம் நிலங்கள் கையகப்படுத்தப்பட்டன. திட்டம் எழவில்லை. இழப்பீட்டு வழக்குகளோ இருபது ஆண்டுகளையும் கடந்து நடந்தன. தந்தையர் மூத்தனர், மைந்தர் நரைத்தனர். இறுதியில், நிலங்களை உரியவர்க்கே திருப்பித் தருவதென அரசு முடிவு செய்தது. நிலம் திரும்பும். காத்திருந்த ஆண்டுகளில் உடல் இழந்தது திரும்புமோ?

வழியில் பாம்பைக் கண்டால் நம் உடல் என்ன செய்கிறது? சிறுநீரகங்களின் மேல் அமர்ந்த சுரப்பிகள் அட்ரினலினையும் கார்ட்டிசாலையும் சுரக்கின்றன. நெஞ்சு விரைந்து துடிக்கிறது, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறுகின்றன, செரிமானம் தளர்கிறது. பாம்பு அகன்றதும் யாவும் அடங்கும். கடனும் வழக்கும் பிள்ளைகளின் தேர்வும் அவ்வாறு அகல்வதில்லை. கிணறு வற்றிய பின்னும் மோட்டாரை ஓடவிட்டால் சுருள் கருகுவதை உழவர் அறிவர். ஓயாது விழித்திருக்கும் உடலும் அவ்வாறே நலிகிறது. உறக்கம் கெடுகிறது, இரத்தக் கொதிப்பு நிலைக்கிறது, நீரிழிவு கட்டுக்கடங்க மறுக்கிறது, நோயெதிர்க்கும் ஆற்றல் குன்றுகிறது.

1995இல் அமெரிக்காவின் ஒஹையோவில் நடந்த ஆய்வொன்று எம் நெஞ்சைத் தொட்டது. மறதிநோயுற்ற உறவினரைப் பேணிவந்த பெண்கள் 13 பேர்க்கும், அச்சுமை இல்லாத 13 பெண்களுக்கும், கையில் ஒரே அளவான சிறு புண் செய்து ஆறும் நாளை எண்ணினர். சுமையுடையோர்க்குச் சராசரியாக 9 நாட்கள் கூடுதலாயின. படுக்கையில் கிடக்கும் மாமியாரை ஆண்டுக்கணக்கில் பேணும் மருமகள்கள் நம் இல்லங்களிலும் உண்டு. அவர்தம் புண்ணை எவர் எண்ணினார்?

(எல்லா நோயையும் கவலையின் தலையில் ஏற்றுதலும் கூடாது. வயிற்றுப்புண்ணுக்கு மனக்கவலையே காரணம் என நெடுங்காலம் எண்ணினர். பெரும்பாலானவற்றுக்கு ஒரு நுண்கிருமி காரணம் எனக் கண்ட மார்ஷல், வாரன் இருவரும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர்.)

இனி ஆகமத்தின்பால் வருவோம். உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் ஆர்த்த தியானத்தை நால்வகையாக்கினார். வேண்டாதது வந்து சேர்ந்ததையும், வேண்டியது பிரிந்ததையும், உற்ற வேதனையையும், இனிப் பெற விழையும் இன்பத்தையும் பற்றி மனம் ஓயாது சுழல்வதே அது. எம் கருத்தில், இக்காலத்தார் மன அழுத்தம் என்பதும் பெரிதும் இதுவே. துக்கம், சோகம், தாபம் முதலியவற்றைத் தனக்கோ பிறர்க்கோ விளைத்தால் அசாதா வேதனீய வினை ஊறும் என்றும் அவர் கூறுகிறார். தாபமாவது உள்ளத்தின் எரிச்சல்.

அங்ஙனமாயின் உண்ணாநோன்பும் உடலை வருத்துவதன்றோ, அதுவும் தீவினையாகுமோ என்ற ஐயத்தைப் பூஜ்யபாதர் தம் உரையில் எழுப்பி, தாமே விடையும் தருகிறார். முனிவரின் கட்டியை அருளோடு கீறும் மருத்துவர்க்குப் பாவமில்லை. நோவு ஒன்றே வினைக்குக் காரணமாவதில்லை, சினம் முதலிய கஷாயங்களே காரணம். தவம் அமைதியோடு ஏற்பது. தாபம் எரிந்துகொண்டே சுமப்பது. நம் பெண்டிர் பலர் இரண்டாவதைச் செய்துகொண்டு முதலாவதைச் செய்வதாக எண்ணுகின்றனர். கவலையுறாதவள் பாசமற்றவள் எனப் பேசும் சுற்றத்தார்க்கும் இதில் பங்குண்டு.

“எல்லாம் பழவினை, அனுபவித்தே தீரவேண்டும்” என்று மாத்திரையை ஒதுக்குவோரையும் கண்டுள்ளோம். பழவினை பயன் தருவது உண்மை. அதன்மேல் எரிந்து புதுவினை கட்டுதல் நம் செயல். நால்வகைத் தானத்தில் மருந்து தானமும் ஒன்றென நம் முன்னோர் வைத்தனர். மருந்தைத் தருதல் அறமெனில் அதனை ஏற்று உண்ணுதல் எங்ஙனம் குற்றமாகும்? இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மருந்தை இல்லத்துக்கே கொணரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் நம் மாநிலத்தில் நடைபெறுகிறது. மனத்துயர் மிகின் 14416 என்ற அரசுத் தொலைபேசியில் கட்டணமின்றிப் பேசலாம்.

சாமாயிகத்தின் அளவு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம். காயோத்சர்க்கத்தில் பஞ்ச நமஸ்காரத்தை 9 முறை, 27 மூச்சில் எண்ணுகிறோம். மெல்லென விடும் மூச்சு நெஞ்சின் துடிப்பைத் தணிக்கும் என்பதை மருத்துவரும் ஒப்புவர். நோயாளியைப் பேணும் மருமகளுக்கு அந்த இரண்டு நாழிகையை யார் தருவார்? அவ்வேளையில் கணவரோ மைந்தரோ கட்டிலருகே அமரட்டும். தசலட்சண பர்வத்தில் நோன்பேற்க விரும்பும் நீரிழிவுடையோர், மருந்தின் அளவையும் வேளையையும் தம் மருத்துவரிடம் ஒரு வாரம் முன்னரே கேட்டு வைத்துக்கொள்வாராக.