கடல் கொண்ட ஊரும் எஞ்சிய உரிமையும்

முன்னோர் விட்டுச் சென்றவற்றுள் காக்கத் தக்கது எது? கைவிடத் தக்கது எது? ஒவ்வொரு தலைமுறையும் எதிர்கொள்ளும் வினா இது. இங்கிலாந்தின் கீழைக் கடற்கரையில், சஃபோக் மாவட்டத்தில் உள்ள டன்விச் என்னும் சிற்றூரின் வரலாறு இவ்வினாவைத் தெளிவாக்குகிறது.

இன்று சில வீடுகளே கொண்ட அவ்வூர், இடைக்காலத்தில் கப்பல்கள் மிகுந்த துறைமுக நகரமாய் விளங்கியது. 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலக்கணக்கிலேயே அதன் விளைநிலத்தில் ஒரு பகுதியைக் கடல் கவர்ந்த செய்தி காணப்படுகிறது. 1286ஆம் ஆண்டிலும் 14ஆம் நூற்றாண்டிலும் வீசிய பெரும்புயல்கள் கரையை அரித்தன. துறைமுக வாயிலை மணலும் கூழாங்கற்களும் அடைத்தன. வாணிகம் நலிந்தது, மக்கள் வேற்றூர் நாடினர். தேவாலயங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கடலில் வீழ்ந்தன.

ஊர் தேய்ந்தும் அதன் உரிமை தேயவில்லை. நாடாளுமன்றத்திற்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பும் பேற்றினை 1832ஆம் ஆண்டுவரை டன்விச் பெற்றிருந்தது. ஆலைத் தொழிலால் மக்கள் பெருகிய மான்செஸ்டர் நகருக்கோ அதுவரை தனக்கென ஓர் உறுப்பினரும் இல்லை. சீர்திருத்தச் சட்டம் வந்தபோது, தொன்மையான உரிமைகளில் கை வைத்தல் தகாது என வாதிட்டோர் பலர்.

அவ்வாதம் முற்றும் பொருளற்றதன்று. பல தலைமுறையினர் பேணியதை ஒரு தலைமுறை எளிதில் எறிந்துவிடலாகாது. ஆயினும், அவ்வுரிமை எதற்காக ஏற்பட்டது? அங்கு வாழ்ந்த மக்களின் குரல் மன்றத்தில் ஒலிப்பதற்காக அன்றோ! மக்கள் அகன்றபின் அது செல்வக் குடும்பங்களின் கைப்பொருளாயிற்று. பெயர் மாறவில்லை, பயன் மாறிவிட்டது.

அதே ஊரில் வேறொரு பேணுதலையும் காண்கிறோம். இன்று அங்குள்ள சிறு அருங்காட்சியகம் மறைந்த நகரின் கதையைச் சொல்கிறது. 1919ஆம் ஆண்டளவில் சரிந்து முடிந்த அனைத்துப் புனிதர் தேவாலயத்தின் தாங்குசுவர் ஒன்று, கரையினின்று அகற்றி உள்ளூரில் நிறுத்தப்பட்டுள்ளது. கடலடி இடிபாடுகளை ஆய்வாளர்கள் ஒலியலைக் கருவிகளால் அளந்து வரைபடமாக்கியுள்ளனர். இவற்றால் எவருடைய பங்கும் குறையவில்லை. மறைந்தோர் மட்டும் நினைக்கப்படுகின்றனர்.

இரண்டுமே மரபு என்றுதான் அழைக்கப்பெற்றன. ஆதலின், பழமை ஒன்றே ஒரு மரபுக்குத் தகுதியாகிவிடாது. ‘இது முன்னோர் பெற்ற உரிமை’ என்று நாம் சொல்லும் போதெல்லாம், அஃது எவர்க்காகப் பெறப்பட்டது, இன்று எவர்க்குப் பயன்படுகிறது என வினவுதல் நம் கடன்.